அடுத்தாளுக்கு அதிகாரம்: ஒரு பொது மருத்துவ யூனிட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செட்டிநாட்டில், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஒரு பயிற்சி மருத்துவமனையில், பொது மருத்துவ யூனிட் ஒன்றுக்கு நான் தலைவராக இருக்கிறேன். தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கோட்டையூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். யூனிட்டுக்கு 30 படுக்கைகள். ஓர் இணைப் பேராசிரியர், இரண்டு உதவிப் பேராசிரியர்கள், எம்.டி. படிக்கும் முதுநிலை மாணவர்கள் ஆறு பேர், மாறிமாறி வந்து போகும் பயிற்சி மருத்துவர்கள். இந்த நிகழ்வில் முதன்மையாக வருபவர்கள் மூன்று பேர்: உதவிப் பேராசிரியர்களில் இளையவரான பெண் மருத்துவர், இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி, நான்.

பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவர்கள் இருவரும் இதை வரிவரியாகப் படித்துத் திருத்திக் கொடுத்தார்கள். நோயாளிக்கும் அவருடைய மகனுக்கும் நானே வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்றேன்.

எங்கள் யூனிட்டுக்கு நல்ல பெயர் இருந்தது. தேர்வில் எங்கள் மாணவர்கள் தவறுவது அரிது. கேஸ் ஷீட்டுகள் ஒழுங்காக இருக்கும். காலை 8 மணி ரவுண்ட்ஸ் ஒரு நாளும் தாமதமானதில்லை. முப்பது படுக்கைகளையும் தினமும் நானே பார்ப்பேன். படுக்கையருகே நின்று கேள்வி கேட்பேன். இரண்டு மூச்சு நேரத்துக்குள் பதில் வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். நன்றாகக் கற்றுத் தருகிறோம் என்றுதான் நம்பியிருந்தேன்.

இளைய உதவிப் பேராசிரியர் எங்களிடம் சேர்ந்து நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. டியூட்டி அட்டவணை போடுவது, மாணவர்களின் பயிற்சிப் பதிவேடுகளைச் சரிபார்ப்பது, தேசிய மருத்துவ ஆணையத்துக்கு அனுப்ப வேண்டிய கோப்புகளைத் தயாரிப்பது எல்லாம் அவர் தலையில்தான். “அவரிடம் கொடுத்தால் முடிந்துவிடும்” என்பது யூனிட்டில் வழக்கமான பேச்சு. பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னோம்.

அப்போது நடைமுறையில் இருந்த அந்த ஆணையத்தின் 2022 விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் இணைப் பேராசிரியராக நான்கு ஆண்டுப் பணியும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். அந்தக் கட்டுரைகளில் அவர் பெயர் முதல் மூன்று இடங்களுக்குள் வர வேண்டும், அல்லது அவரே தொடர்பு ஆசிரியராக, அதாவது இதழுடன் தொடர்பில் இருந்து கட்டுரைக்குப் பதில் சொல்பவராக, இருக்க வேண்டும். மருத்துவக் கல்வி முறையிலும் ஆய்வு முறையிலும் அடிப்படைப் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும். பயிற்சிகள் இரண்டையும் அவர் எப்போதோ முடித்துவிட்டார். கட்டுரைகள் மூன்று வெளிவந்திருந்தன. மூன்றிலும் அவர் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோதான் இருந்தது. அவற்றில் இரண்டுக்குத் தகவல் திரட்டி, அட்டவணை போட்டு, முதல் வரைவை எழுதியவர் அவர். முதல் பெயர் என்னுடையது. அது எனக்கு அப்போது உறுத்தவே இல்லை. என் பேராசிரியர்கள் காலத்திலும் அப்படித்தான் நடந்தது. நானும் அந்த வரிசையில் நின்று வந்தவன்.

ஐப்பசியில் நான்கு நாட்கள்

அடைமழைக் காலம். வார்டில் பாதிக்கு மேல் காய்ச்சல் நோயாளிகள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 52 வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். ஐந்து நாட்களாகக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. கல்லீரல் நொதிகள் கூடியிருந்தன.

புதன் காலை ரவுண்ட்ஸில் பயிற்சி மருத்துவர் விவரம் சொல்லத் தொடங்கினார். “நூறு நாள் வேலைக்குப் போகிறவர் சார்...” என்று அவர் சொல்லும்போதே நான் தாளைப் பார்த்துவிட்டு, “டெங்கு. என்.எஸ்.1 அனுப்புங்கள். திரவம் கொடுங்கள். தட்டணுக்களைக் கவனியுங்கள்” என்று சொல்லி அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டேன். கண்மாய்க் கரையில் புதர் வெட்டும் வேலைக்குப் போனவர் அவர் என்பது அந்தப் பையன் சொல்ல வந்த வாக்கியத்தின் மீதிப் பாதி. ஒரு வாரம் கழித்துத்தான் அது என் காதுக்கு வந்தது.

அன்று பிற்பகல் 3 மணிவாக்கில் முதுநிலை மாணவி திரையை இழுத்துவிட்டு அந்த அம்மாவை முழுமையாகப் பரிசோதித்தார். இடது மார்பின் கீழ் மடிப்பில், துவரம்பருப்பு அளவில் ஒரு கரும்பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டது போன்ற தோற்றம். தொட்டால் வலியில்லை. அக்குளில் நெறி கட்டியிருந்தது. அந்த அம்மாவுக்கே அங்கே அப்படியொன்று இருப்பது தெரியவில்லை.

உண்ணிக் காய்ச்சலின் (ஸ்க்ரப் டைபஸ்) கையெழுத்து அது. புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு கடிக்கும்போது ஒரியென்ஷியா சுசுகாமுஷி என்ற கிருமி உடலுக்குள் போகிறது. கடித்த இடம் கருகிப் பொருக்காகிறது. வலியும் அரிப்பும் இல்லாததாலும், பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் என மறைவிடங்களில் இருப்பதாலும் தேடினால்தான் கண்ணில் படும். டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்தைக் காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவலாகப் பாதிக்கும். தட்டணு குறைவது, கல்லீரல் நொதிகள் உயர்வது இரண்டும் டெங்குவிலும் உண்டு, இதிலும் உண்டு. இரண்டும் மழைக்காலத்தில் ஒன்றாகவே வருகின்றன.

மாணவி தன் சட்டைப்பைக் குறிப்பேட்டில் “கரும்பொருக்கு?” என்று கேள்விக்குறியுடன் எழுதிக்கொண்டார். கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.

வியாழன் காலை, டெங்குவை ஆரம்ப நாட்களில் காட்டும் என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. “இத்தனை நாள் கழிந்த பிறகு நெகட்டிவ் வருவது இயல்பு. ஐ.ஜி.எம். அனுப்புங்கள்” என்று, டெங்குவைப் பிந்தைய நாட்களில் காட்டும் பரிசோதனையைச் சொன்னேன். மருத்துவமாகப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் வேறு காய்ச்சலாக இருக்குமோ என்று யாரும் கேட்பதற்கான இடத்தை அது அடைத்துவிட்டது. மாணவி என் பின்னால் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

அன்றிரவு இளைய உதவிப் பேராசிரியருக்கு டியூட்டி. இரவு 11 மணிக்கு அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 32 மூச்சு. ஆக்ஸிஜன் அளவு 90. மாணவி அப்போதுதான் தயங்கித் தயங்கிப் பொருக்கைக் காட்டினார். உதவிப் பேராசிரியருக்குப் பார்த்தவுடனே சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஆக்ஸிஜன் வைத்தார், எக்ஸ்ரே எடுத்தார், கேஸ் ஷீட்டில் எழுதினார்: “உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். சீஃபிடம் பேசிவிட்டு டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம்.” பிறகு காலை வரை அந்தப் படுக்கையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளி காலை 8 மணிக்கு நான் அந்த வரியைப் படித்தேன். டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்தே தொடங்கினோம். கடுமையான உண்ணிக் காய்ச்சலில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியிருக்கிறது. அந்த அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி இரண்டு நாட்கள் முகக்கவச வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். இரத்தப் பரிசோதனை உண்ணிக் காய்ச்சலை உறுதி செய்தது. 12-ஆம் நாள் வீடு திரும்பினார்.

மாணவி பொருக்கைக் கண்டதிலிருந்து மருந்து போனது வரை 41 மணி நேரம். உதவிப் பேராசிரியர் உறுதியானதிலிருந்து 9 மணி நேரம்.

கேள்வியும் கடிதமும்

அவர் வீடு திரும்பிய அதே சனிக்கிழமை எங்கள் மாதாந்திர நோய், இறப்பு மறுஆய்வுக் கூட்டம். இருபது பேருக்கு நடுவில் உதவிப் பேராசிரியரைப் பார்த்து, “இரவே ஏன் தொடங்கவில்லை?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை என் மேசையில் மூன்று வரியில் ராஜினாமாக் கடிதம். “சொந்தக் காரணங்களுக்காக” என்று இருந்தது.

ஒரு கேள்விக்கே மனம் உடைந்துவிட்டாரே என்பதுதான் என் முதல் எண்ணம். அறைக்கு வரச்சொல்ல போனை எடுத்தேன். இணைப் பேராசிரியர் தடுத்தார். “அறிவுரை சொல்லக் கூப்பிடாதீர்கள் சார். நீங்கள் போய்க் கேளுங்கள்.”

போனேன். நான்கு ஆண்டுகளில் அவருடைய அறைக்குள் அதற்கு முன் இரண்டு முறை போயிருப்பேனா என்பது சந்தேகம். மேசை முழுக்க யூனிட்டின் கோப்புகள். ஆறு மாணவர்களின் பதிவேடுகள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய சொந்த வேலை என்று சொல்லக்கூடிய ஒரு தாள் அங்கே இல்லை.

அவர் குரல் உயராமல் பேசினார். சித்திரையில் ஓர் இரவு என்னை அழைத்தபோது, “இதற்கெல்லாம் கூப்பிட வேண்டுமா? காலையில் பார்க்கலாம்” என்று நான் சொன்னேனாம். ஆடியில் ஒரு நாள் அழைக்காமல் அவரே ஓர் ஆன்டிபயாடிக்கை மாற்றியபோது, மறுநாள் ரவுண்ட்ஸில் மாணவர்கள் முன்னால், “யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?” என்று கேட்டேனாம். இரண்டும் எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதே என்னைச் சுட்டது.

“கூப்பிட்டாலும் தவறு, கூப்பிடாவிட்டாலும் தவறு. அதனால் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன் சார்.”

மாணவியிடம் தனியாகக் கேட்டபோது அவர் சொன்னது: “நீங்கள் டெங்கு என்று சொல்லிவிட்டீர்கள் சார். அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு ஏதோ பூச்சிக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.”

சன்னலோரப் படுக்கையில் ஒருவர்

அந்த வாரத்தில் கேட்ட இன்னொரு பேச்சையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் நாங்கள் எடுத்த முடிவுகளின் வடிவம் அதிலிருந்துதான் வந்தது.

காலில் நீரிழிவுப் புண்ணுடன் 84 வயது நகரத்தார் பெரியவர் ஒருவர் இரண்டு வாரங்களாக வார்டில் இருந்தார். சன்னலோரப் படுக்கை. எங்கள் ரவுண்ட்ஸைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மாலை நான் தனியாக வந்தபோது பேச்சுக் கொடுத்தார்.

“எங்கள் அப்பச்சி பெட்டியடிப் பையனாகத்தான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார், டாக்டர் தம்பி. பெட்டி துடைத்து, கணக்கு எழுதக் கற்று, பிறகு மேலாளுக்குக் கீழே அடுத்தாள். அதற்கப்புறம் மேலாள். மேலாள் என்றால் முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் கையில் இருக்கும். யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று அங்கே இருக்கிறவர்தான் முடிவு செய்வார். கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் வந்த ஆள் போய்விடுவானே. ஊருக்கு ஐந்தொகைக் கணக்கு வரும். முதலாளி அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உங்களிடம் எல்லாரும் அடுத்தாளாகவே இருக்கிறார்கள்.”

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வரும் வரை செட்டிநாட்டின் வட்டிக்கடைகள் பெருமளவில் இந்த அடுக்கில்தான் நடந்தன. காரைக்குடியில் உட்கார்ந்திருந்த முதலாளி, கடல் கடந்து இருந்த இளைஞர் ஒருவரிடம் கையெழுத்துப் போடும் உரிமையைக் கொடுத்திருந்தார். கணக்குக் கேட்பதை விட்டுவிடவில்லை. நான் வேலையைத் தாராளமாகப் பிரித்துக் கொடுத்திருந்தேன். கையெழுத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. நோயாளிக்கும் எனக்கும் நடுவில் கடல் இல்லைதான். ஆனால் இரவு 11 மணிக்கும் காலை 8 மணிக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது.

எடுத்த முடிவுகள்

நானும் இணைப் பேராசிரியரும் இளைய உதவிப் பேராசிரியரும் உட்கார்ந்து பேசினோம். “மூன்று மாதம் பார்க்கிறேன் சார். கடிதம் உங்களிடமே இருக்கட்டும்” என்றார். கடிதத்தை என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

முதல் முடிவு ரவுண்ட்ஸைப் பற்றியது. படுக்கையருகே இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில் பேசுவேன். 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் எழுதிய ஐந்து படி முறை ஒன்று மருத்துவக் கல்வியில் பரவலாகத் தெரிந்தது. மாணவரை முதலில் ஒரு முடிவைச் சொல்லவைப்பது, எதனால் அப்படி நினைக்கிறார் என்று கேட்பது, பொது விதி ஒன்றைக் கற்றுக் கொடுப்பது, சரியாகச் செய்ததைச் சொல்லிக் காட்டுவது, தவறைத் திருத்துவது. பயிற்சி வகுப்புகளில் இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன். என் சொந்த வார்டில் முதல் இரண்டு படிகளைத் தாண்டி மூன்றாவதிலிருந்துதான் தொடங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது, இரவு முடிவுகள். டியூட்டியில் இருக்கும் உதவிப் பேராசிரியர் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவுகளை ஒரு தாளில் எழுதி வார்டில் ஒட்டினோம். மழைக்காலக் காய்ச்சலில் பொருக்கு தெரிந்தாலோ, காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டி உறுப்புகள் பாதிக்கத் தொடங்கினாலோ, டாக்ஸிசைக்ளின் உடனே தொடங்கலாம் என்பது அதில் முதல் வரி. என்னை எந்நேரமும் அழைக்கலாம். அனுமதிக்காக அழைக்க வேண்டியதில்லை. காலையில் நான் கேட்கக்கூடிய கேள்வியையும் எழுதி வைத்தோம்: “என்ன கண்டு இதைத் தொடங்கினீர்கள்?” “யாரைக் கேட்டு” என்ற சொல் இனி வாயில் வராது என்று அவர்கள் முன்னால் வாக்குக் கொடுத்தேன். எங்கள் ஐந்தொகை அது.

மூன்றாவது முடிவுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அந்தப் பருவத்தின் காய்ச்சல் நோயாளிகளைப் பற்றிய ஆய்வை உதவிப் பேராசிரியர் தலைமை ஏற்று நடத்துவார். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் அவர் பெயரில் போகும். கட்டுரையில் யார் பெயர் வரலாம் என்பதற்குச் சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தகவலிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். பொதுவான மேற்பார்வை மட்டும் போதாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அந்த அளவுகோலில் என் பழைய கட்டுரைகளை வைத்துப் பார்த்தேன். சிலவற்றில் என் பெயர் இருந்திருக்கவே கூடாது.

இதனுடன் ஒன்று சேர்ந்தது. காய்ச்சல் நோய்களைப் பற்றிப் பேச எனக்கு ஒரு மாநாட்டு அழைப்பு வந்திருந்தது. அமைப்பாளர்களிடம் அவர் பெயரைச் சொல்லி, என் இடத்தை அவருக்குக் கொடுக்கக் கேட்டேன். நல்ல வார்த்தையும் அறிவுரையும் நான் எல்லாருக்கும் தாராளமாகக் கொடுத்து வந்தவன். அவர் இல்லாத அறையில் அவருக்காகப் பேசி ஓர் இடம் வாங்கிக் கொடுத்தது அதுவே முதல் முறை.

நான்காவது, அவர் தலையிலிருந்த கோப்பு வேலையை மற்றவர்களுக்குப் பிரித்து, வியாழன் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை அவருடைய ஆய்வுக்கென்று ஒதுக்கினோம்.

இடறிய இடங்கள்

முதல் வாரம் ரவுண்ட்ஸில் அமைதிதான் நிலவியது. மாணவர்கள் நோயாளியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். ரவுண்ட்ஸ் ஒரு மணி நேரம் நீண்டது. ஓ.பி.யில் கூட்டம் காத்திருந்தது. நான்காவது வாரம், இருமலும் எடைக் குறைவுமாக வந்த ஒருவரைப் பார்த்தவுடன், “டி.பி.” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாணவர்களின் பேனாக்கள் உடனே எழுதத் தொடங்கின. இணைப் பேராசிரியர் என் முழங்கையைத் தொட்டார். அப்படித் தொட வேண்டும் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். அந்தக் கை இல்லாமல் இந்த மாற்றம் இரண்டு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

பெரிய தவறு நான்காவது முடிவில் இருந்தது. கோப்பு வேலையின் பெரும்பகுதி மூத்த உதவிப் பேராசிரியரிடம் போனது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதே நேரத்தில் முதுநிலை மாணவர்கள் இருவர் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இரவு டியூட்டி கூடியது. தொடர்ந்து மூன்று வியாழக்கிழமைகள் ஆய்வு நேரமும் ரத்தானது. ஏழாவது வாரம் மூத்த உதவிப் பேராசிரியர் வந்து நின்றார். “அவருக்கு வளர்ச்சி, எனக்கு டியூட்டியா சார்?”

அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. ஒருவருக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்யப் போய் அதை இன்னொருவர் தோளுக்கு மாற்றியிருந்தேன். பிறகு திட்டத்தைத் திருத்தினோம். இரண்டு உதவிப் பேராசிரியர்களுக்கும் வாரத்தில் ஒரு பிற்பகல் உண்டு. மாணவர்களின் பதிவேடுகளை நானே பார்க்கத் தொடங்கினேன். கோப்பு வேலையை இணைப் பேராசிரியரும் நானும் எடுத்துக்கொண்டோம். பதிவேடுகளை நான் பார்த்ததில் எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது: எந்த மாணவர் எதைச் செய்து பார்த்திருக்கிறார், எதை ஒரு முறைகூடச் செய்யவில்லை என்பது முதல் முறையாக எனக்குத் தெரிந்தது.

இரவு முடிவுகளில் ஒன்று தவறாகவும் போனது. சர்க்கரை மிக உயர்ந்து, இரத்தத்தில் அமிலம் கூடிய நிலையில் வந்த ஒரு நோயாளியை மூத்த உதவிப் பேராசிரியர் வார்டிலேயே வைத்துப் பார்த்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருக்க வேண்டும். நோயாளிக்குக் கெடுதல் நேரவில்லை, ஆனால் நேர்ந்திருக்கலாம். ஒட்டிய தாளைக் கிழித்துவிடலாமா என்று நான் நினைத்தது உண்மை. முதலில் அவரிடம் தனியாகப் பேசினேன். கூட்டத்தில் அவரே அந்த நோயாளியைப் பற்றி எடுத்துச் சொன்னார். தாள் அப்படியே இருந்தது. நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றலாமா என்ற எண்ணம் எழுந்தாலே மாற்றிவிடுங்கள் என்று அதில் ஒரு வரி கூடியது.

விளைவு

மூன்று மாத முடிவில் இளைய உதவிப் பேராசிரியர் இழுப்பறையிலிருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் முதுநிலை மாணவி ஒரு யோசனை சொன்னார். காரைக்குடியில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில், மனித உடலின் முன்புறமும் பின்புறமும் கோட்டோவியமாக வரும் ஸ்டாம்ப் ஒன்று செய்யச் சொன்னோம். காய்ச்சலில் வரும் ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும் அதைக் குத்தி, அக்குள், மார்பின் கீழ், தொடையிடுக்கு, முதுகு ஆகிய இடங்களைப் பார்த்ததற்கு அடையாளமாகப் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். புள்ளி இல்லாத கேஸ் ஷீட்டை இணைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பருவத்தில் இரவு டியூட்டியில் இருந்தவர்களே பலருக்கு மருந்தைத் தொடங்கினார்கள்; காலையில் நான் காரணம் மட்டும் கேட்டேன். ஒரு யூனிட்டின் ஒரு பருவத்தை வைத்துக்கொண்டு இறப்பு குறைந்தது என்று சொல்லமாட்டேன். எழுதிவைத்துவிட்டுக் காலை வரை காத்திருந்த கேஸ் ஷீட் ஒன்றுகூட அந்தப் பருவத்தில் என் கண்ணில் படவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

காய்ச்சல் ஆய்வு கட்டுரையாக வெளிவந்தது. முதல் பெயர் மாணவியுடையது. தொடர்பு ஆசிரியர் உதவிப் பேராசிரியர். நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருந்தது. இரண்டாவது கட்டுரையும் வந்த பிறகு, நிகழ்வு நடந்து ஒன்றரை ஆண்டில், உதவிப் பேராசிரியர் வேறு நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்றில் இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். “ஆளாக்கினீர்கள், பறந்துவிட்டார்” என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் சில நாட்கள் மனம் கனத்தது. இங்கே அவருக்கு அந்தப் பதவி காலியாக இல்லை. அவர் தொடங்கிய காய்ச்சல் ஓ.பி.யை இப்போது மூத்த உதவிப் பேராசிரியர் நடத்துகிறார். அங்கே போனவர் மாதம் ஒரு முறை எங்கள் மறுஆய்வுக் கூட்டத்தில் வீடியோ வழியாகக் கலந்துகொள்கிறார். மாணவி எம்.டி. முடித்து எங்களிடமே மூத்த உறைவிட மருத்துவராக இருக்கிறார்.

எல்லாருக்கும் இது நன்மையாக முடியவில்லை. ஆறு மாணவர்களில் ஒருவருக்குப் புதிய முறை பிடிக்கவில்லை. “முன்பு நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம் சார், தேர்வுக்கு உதவியாக இருந்தது” என்றார். எல்லார் முன்னிலையிலும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் ரவுண்ட்ஸில் பின்வரிசைக்கு ஒதுங்கினார். அவருக்குத் தனியாக நேரம் கொடுத்தேன், தாமதமாகக் கொடுத்தேன். தேர்வில் தேறினார். வேறு எதையும் என்னால் அவருக்குச் செய்ய முடியவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கூட்டத்தில் இருபது பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். மறுஆய்வுக் கூட்டத்தில் இப்போது முதலில் பேசுபவர் நான். அந்த மாதத்தில் என் முடிவுகளில் எது தவறியது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகிறேன்.

வேலையைப் பிரிப்பதற்கு முன் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்திருப்பேன். ஒவ்வொரு ஆசிரியருடனும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பதவி உயர்வுக்கு என்ன தேவை, எது கையில் இருக்கிறது, எது இல்லை என்று தாளில் எழுதுவதை முதல் ஆண்டிலேயே தொடங்கியிருந்தால், நான்காவது ஆண்டில் அவர் பெயர் ஐந்தாவது இடத்தில் இருந்திருக்காது.

இன்னொன்று இந்த ஆய்வை எழுதும்போது தெரிந்தது. நேரங்களைச் சரிபார்க்க அந்த அம்மாவின் பழைய கேஸ் ஷீட்டைப் பதிவறையிலிருந்து எடுக்கச் சொன்னேன். மருத்துவர்களின் தாள்களுக்குப் பின்னால் செவிலியர் குறிப்புகள் இருந்தன. நாங்கள் யாரும் அவற்றைப் புரட்டியதில்லை. செவ்வாய் இரவு 11.40 மணிக்கு, உடை மாற்றிவிட்ட செவிலியர் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்: “இடது மார்பின் கீழ் கருநிறப் பொருக்கு. வலி இல்லை என்கிறார்.” நான் டெங்கு என்று சொல்வதற்கு எட்டு மணி நேரத்துக்கு முன்பு.

அந்தச் செவிலியர் இப்போதும் எங்கள் வார்டில்தான் இருக்கிறார். அன்று ஏன் சொல்லவில்லை என்று நான் அவரைக் கேட்கவில்லை. இரவுப் பணி முடிந்து அவர்கள் கிளம்பும் நேரம் 8 மணி. எங்கள் ரவுண்ட்ஸ் தொடங்கும் நேரமும் அதுவே. இந்த மாதத்திலிருந்து ரவுண்ட்ஸ் 7.30 மணிக்குத் தொடங்குகிறது. ஒவ்வொரு படுக்கையருகிலும் முதலில் பேசுபவர் இரவுச் செவிலியர்.